கடைசி மிதவையில் சொன்னது

செவ்வாப்பேட்டை
12 ஜனவரி 2025

அன்புள்ள மோனிகா,

உறைக்கு மேலே அனுப்புகிறவள் பெயர் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிரிக்காமலே கிழித்திருப்பாய். இப்போது பிரித்துவிட்டாய், என் கையெழுத்தையும் பார்த்துவிட்டாய். இனிமேலும் கிழிக்கலாம்தான். கிழிக்காதே.

உன் பழைய நம்பரை அடித்தால் யாரோ இந்தியில் பேசுகிறார். உன் தம்பி ராபின் என்னை எல்லா இடத்திலும் பிளாக் செய்திருக்கிறான். மிச்சம் இருப்பது உங்கள் வீட்டு விலாசம் ஒன்றுதான். போட்டிக்குப் போட்டி உன் விண்ணப்பத்தையும் நானே நிரப்பி நிரப்பி அது எனக்கு மனப்பாடம். கதவு எண் மாறாமல் இருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று பரணைச் சுத்தம் செய்தோம், போகிக்கு. பழைய பையிலிருந்து உன் இடுப்புப் பட்டை கிடைத்தது. படகு சாயாமல் இருக்க நீ பாய்மரக் கம்பியில் வெளியே தொங்குவதற்குக் கட்டுவாயே, அந்த நீலப் பட்டை. அம்மா "இத்த எரிச்சுடலாமா?" என்று கேட்டாள். "எரிச்சா நானும் கூட வுழுந்துடுவேன்" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேறு மூட்டையைப் பிரித்தாள்.

உனக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா? திருவள்ளூர் மைதானத்தில் மாவட்டக் கோ-கோ போட்டி. நாம் இருவரும் எதிரெதிர்ப் பள்ளி, எட்டாம் வகுப்பு. வீரராகவன் சார் எடை பார்க்கும் மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்றார்கள். ரேஷன் கடை ஆள் என்றுதான் நான் நினைத்தேன். ஒவ்வொருத்தியாக ஏற்றி எடை பார்த்தார், கையை நீட்டச் சொல்லி அளந்தார், "பாய்மரப் படகு ஓட்டுறீங்களா? யாருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டார். நான் எங்கள் நிலத்துக் கிணற்றில் நீந்தியவள், அதனால் கை தூக்கினேன். நீயும் தூக்கினாய். பக்கெட் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை அதுவரை பார்த்திராதவள்! துறைமுகத்தில் முதல் நாள் படகு கவிழ்ந்தபோது நீ என் கழுத்தைப் பிடித்த பிடியில் மூன்று நாள் எனக்குத் தலை திரும்பவில்லை. "தெரியும்னு சொன்னியேடி!" என்று நான் கத்த, "சொன்னா தெரிஞ்சுரும்னு நெனச்சேன்" என்று நீ தண்ணீரைத் துப்பினாய்.

ஒரே மாவட்டத்துக்காரிகள் நாம். ஆனால் உன் ஊருக்கு நான் வர வேண்டுமானால் சென்ட்ரல் போய்த்தான் திரும்ப வேண்டும். விடிந்ததும் நீ கும்மிடிப்பூண்டி லோக்கலில் வருவாய், நான் திருவள்ளூர் லோக்கலில் வருவேன். முதலில் வந்தவள் அடுத்தவளுக்காகக் காத்திருந்து, ரெண்டு டப்பாவையும் அங்கேயே பிரித்து மாற்றிக்கொள்வோம். உங்கம்மா செய்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு எனக்கு, எங்கம்மா கட்டிய புளிசாதம் உனக்கு. ஒன்பது வருஷம் அப்படிச் சாப்பிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருஷமாக என்னோடு படகில் வந்துகொண்டிருந்த திலகவதி கர்ப்பமாக இருக்கிறாள். சந்தோஷம்தான். ஆனால் மே மாதம் ஆசியப் போட்டிக்கான தேர்வு. மார்ச் கடைசிக்குள் ஜோடியின் பெயரைக் கொடுக்க வேண்டும். எனக்கும் இருபத்தொன்பது ஆகிறது, இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு இல்லை. காற்றின் வேகம் இருபதைத் தாண்டினால் கம்பியில் நிற்க எனக்கு ஒரே ஒருத்தியைத்தான் தெரியும். உன் தடை முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

வருகிறாயா?

நடந்தது நடந்துபோச்சு. அதைத் திரும்பக் கிளற வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உன்
ஜோதி

---

கும்மிடிப்பூண்டி
27 ஜனவரி 2025

ஜோதிலட்சுமி அவர்களுக்கு,

கதவு எண் மாறவில்லை. ஆட்கள்தான் மாறிவிட்டோம்.

கடிதம் வந்த அன்று எனக்கு காலை ஷிஃப்ட். திரும்பி வந்தபோது அம்மா உறையை டிவி மேல் சாத்தி வைத்திருந்தாள். "யாரோ பொம்பள கையெழுத்து. பேர் போடாம எழுதுறது யாருடி, மொட்டைக் கடுதாசா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிப்காட்டில் ரப்பர் கம்பெனி. கார் இன்ஜினுக்குப் போகிற வளையங்கள். கடைசிப் பரிசோதனை என்னுடையது. ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு வளையம் என் கையைத் தாண்டும். விளிம்பில் மயிரிழை வெட்டு இருந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். சூப்பர்வைசர் சில நாள் கெஞ்சுவார்: "மோனிகா, இத்தப் போய் எவன் பாக்கப் போறான்?" நான் பார்த்துவிட்டேனே சார் என்பேன். இப்படிப்பட்டவளிடம்தான் நீ எதையும் கிளற வேண்டாம் என்கிறாய்.

நடந்தது நடந்துபோச்சா? எதுடி நடந்தது? எழுதேன் பார்க்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இன்னும் ஒரு பிடி சோறு போடு என்கிறாய்.

நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன். 2018 மார்ச். சென்னைத் துறைமுகம். தேர்வின் கடைசிப் பந்தயம். கீழ் மிதவையைச் சுற்றிக்கொண்டு காற்றுக்கு எதிரே ஏற வேண்டும், அங்கிருந்து நேராக முடிவுக் கோடு. நீ சுக்கானில். நான் கம்பியில் வெளியே பாய்ந்தேன். பாயும்போது என் முதுகு மிதவையில் உரசியது. லைஃப் ஜாக்கெட்டின் வழியாகவே அந்தப் பிளாஸ்டிக்கின் சில்லிப்பு எனக்குத் தெரிந்தது. உன் கண் பாயில் இருந்தது, என் உடம்பு மறைத்தது, நீ பார்த்திருக்க முடியாது. வேறு படகும் பக்கத்தில் இல்லை. மிதவையைத் தொட்டால் தொட்டவர்கள் தாங்களே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். யாரும் விசில் ஊத மாட்டார்கள்.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான், தெரியுமா? எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் தலைக்கு மேல் ஒருவன் நிற்பான். கேட்டில் ஒருவன், மிஷினில் ஒருவன், கக்கூஸ் போனால் வாசலில் ஒருவன். தண்ணீரில் மட்டும் யாரும் நிற்கவில்லை. நம்மை நம்பி விட்டிருந்தார்கள்.

நான் சொன்னேன்: "ஜோதி, பட்டுச்சு. சுத்துடி."

நீ சுற்றவில்லை. ஜெயித்தோம். அன்று மாலை சென்ட்ரலில் உன்னிடம் கேட்டேன், "நாமளே போய் சொல்லிடலாமா?" என்று. நீ "எத?" என்று கேட்டாய். அவ்வளவுதான், உன் ரயில் வந்தது, ஏறிவிட்டாய்.

மறுநாள் காலை நானே போய்க் கமிட்டியில் சொன்னேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?" பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நீ சொன்னதை அவர்கள் பேப்பரில் எழுதிக் கொடுத்தார்கள், நான் வைத்திருக்கிறேன். "மிதவை பட்டது பற்றி என் துணை படகில் என்னிடம் எதுவும் சொல்லவில்லை." நீ ஒன்றும் அறியாதவள். நான் மறைத்தவள். எனக்கு இரண்டு வருஷம் தடை. உனக்குத் தனிப் படகு, மெடல், ரயில்வே வேலை.

நம்பர் தர மாட்டேன். வாயால் சொன்னதை மாற்றிச் சொல்ல உனக்கு வரும். பேப்பரில் எழுது.

எனக்கு ஒரே கேள்வி. நான் சொன்னது உனக்குக் கேட்டதா, இல்லையா?

மோனிகா

---

செவ்வாப்பேட்டை
9 பிப்ரவரி 2025

மோனி,

உன் கடிதத்தை ரயிலில் வைத்துப் படித்தேன். செவ்வாப்பேட்டையில் ஏறி, ஆவடி வருவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன். எதிர்சீட் அம்மா, "இன்னாம்மா, ஊட்ல ஏதாச்சும் துக்கமா?" என்று கேட்டாள். கடிதத்தைப் பைக்குள் திணித்தேன். நான் இறங்க வேண்டிய பெரம்பூரைத் தாண்டி சென்ட்ரல் வரைக்கும் போய்விட்டேன்.

உனக்கு அநியாயம் நடந்தது. அதை நான் மறுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கிறேன், கையெழுத்துப் போட்டுக் கேட்கிறேன்.

அன்றைக்குக் காற்று எப்படி அடித்தது என்று உனக்கே தெரியும். பாய் படபடக்கிற சத்தம், தண்ணீர் முகத்தில் அறைகிறது, தூரத்தில் கமிட்டிப் படகின் மோட்டார். ஏழு வருஷம் ஆகிவிட்டது. எந்த நொடியில் என்ன கேட்டது என்று இப்போது எப்படிச் சொல்வது? எனக்கு அந்த நாளில் நினைவிருப்பதெல்லாம் வேறு. காலையில் நீ எனக்குத் தலை பின்னிவிட்டாய். இறுக்கிப் பின்னினால்தான் காற்றில் அவிழாது என்று கண்ணில் தண்ணீர் வரும்வரை இழுத்தாய். அப்பா பந்தயம் பார்க்க வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுவரை துளசிராமன் மகள் படகு ஓட்டுகிறாள் என்று ஊரில் சொன்னால், "பொண்ணு மீன் பிடிக்கப் போவுதா?" என்று கேட்பார்கள் என்பதற்காக, "டைப்பிங் கிளாஸ் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

தூத்துக்குடி போட்டி நினைவிருக்கிறதா? காற்றே இல்லாமல் நடுக்கடலில் நாலு மணி நேரம் நின்றோமே. நீ கம்பியில் ஊஞ்சலாடிக்கொண்டு ஊரில் உள்ள ஒவ்வொரு கம்பெனியின் சங்கும் எப்படி ஊதும் என்று ஊதிக் காட்டினாய். உருக்காலைச் சங்கு ஊதியபோது பக்கத்துப் படகில் இருந்த கேரளத்துப் பெண்கள் கப்பல் வருகிறது என்று பயந்து திரும்பினார்கள். அப்படிச் சிரித்தது அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. தனிப் படகில் யாரோடு சிரிப்பது? ஏழு வருஷமாகத் தினமும் மாலை கரைக்கு வந்ததும், "செத்தோம் இன்னிக்கு" என்று சொல்லத் திரும்பிப் பார்ப்பேன். ஆள் இருக்காது. திலகவதி நல்ல பெண். ஆனால் அவளுக்கு நான் "அக்கா".

சார் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார், "ஜோடி யாரும்மா?" என்று. உன் பெயரைச் சொல்ல வாய் வரை வருகிறது.

ஜோதி

---

கும்மிடிப்பூண்டி
20 பிப்ரவரி 2025

ஜோதி,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். தலை பின்னியது இருக்கிறது, உன் அப்பா வேட்டி இருக்கிறது, உருக்காலைச் சங்கு இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து, சுற்ற வேண்டிய இடத்தில் மட்டும் சுற்ற மாட்டாய் நீ.

கோபத்தில் இதோடு முடித்திருப்பேன். அந்தச் சங்குதான் என்னைக் கெடுத்தது. படிக்கும்போது சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு அழுதேன், பேஜாராகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு லெட்டரா? என்னாண்ட குடு, அடுப்புல போடுறேன்" என்றாள். தரவில்லை.

அதனால் யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

போன ஞாயிறு கம்பெனிப் பெண்கள் ஆறு பேர் பழவேற்காடு போனோம். பூநாரை பார்க்க மோட்டார் படகில் ஏற்றினார்கள். ஏரியின் நடுவில் கிழக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. தண்ணீர் கறுத்துக்கொண்டு நம் பக்கம் ஓடி வருமே, அது. நான் என்னை அறியாமல் எழுந்து படகு ஓரத்தில் சாய்ந்து நின்றுவிட்டேன். செல்வி அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "இன்னாடி ஆச்சு, சாவுறியா?" என்று கத்தினாள். "மூணு எண்ணுறதுக்குள்ள காத்து வரும்க்கா" என்றேன். மூன்று எண்ணினேன். வந்தது. எல்லாருடைய பூவும் பறந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஜோதி. ஏழு வருஷம் கழித்து ஒரு விஷயத்தை நான் சரியாகச் சொன்னேன்.

இதுதான் என் நோய். தடைக்குப் பிறகு எனக்கு என் வாய் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. லைனில் யாரிடமாவது "மோல்டு மாத்துங்க" என்று சொன்னால், "நான் சொன்னது கேட்டுச்சா?" என்று இரண்டு தடவை கேட்பேன். கேட்டது என்று சொன்னாலும் சீட்டில் எழுதி மிஷினில் ஒட்டுவேன். "எழுத்தம்மா" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஏன் தெரியுமா? அன்றைக்கு நான் சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் உண்மை. கம்பியிலிருந்து நான் எப்போதும் கத்தித்தான் பேசுவேன், துறைமுகத்துக்கே கேட்கும். அன்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். ஏனென்றால் எனக்கும் ஜெயிக்க ஆசை. சொல்லவும் வேண்டும், நீ சுற்றவும் கூடாது. அப்படி ஒரு குரலில் சொன்னேன். நீ அடுத்த நாள் அவர்களிடம் "சொல்லவில்லை" என்றதைப் பேப்பரில் பார்த்ததும், நான் எழுந்து, "பொய்!" என்று கத்தியிருக்க வேண்டும். கத்த முடியவில்லை. ஒருவேளை நிஜமாகவே உனக்குக் கேட்கவில்லையோ? ஒருவேளை நான் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேனோ? இருபத்திரண்டு வயதில் தொடங்கிய யோசனை. இன்னும் தினமும் வருகிறது. பல் துலக்கும்போது வருகிறது, பஸ்ஸில் வருகிறது.

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். நான் வாயைத் திறந்தேனா என்று மட்டும் தெரிய வேண்டும். அது தெரிந்த ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

மோனிகா

---

(அஞ்சலட்டை)
3.3.2025

மோனி, உன் கடிதம் வந்தது. பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நாள் கொடு. இந்த முறை சுற்றி வளைக்க மாட்டேன். — ஜோ.

---

செவ்வாப்பேட்டை
23 மார்ச் 2025

மோனி,

கேட்டது.

இதை முதல் வரியாக எழுதவே இருபது நாள் ஆனது. எழுதிவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

"ஜோதி, பட்டுச்சு. சுத்துடி." இதே வார்த்தைகள்தான். நீ மெதுவாகத்தான் சொன்னாய், ஆனாலும் கேட்டது. உன் குரலை ஒன்பது வருஷம் காற்றிலும் அலையிலும் பொறுக்கி எடுத்துப் பழகிய காது இது. கூட்டத்தில் அம்மா கூப்பிடுகிற மாதிரி, வேறு எதுவும் கேட்காவிட்டாலும் அது கேட்கும்.

உனக்குச் சாட்சி ஒன்று வேண்டுமென்றால் தருகிறேன். நீ சொல்லி முடித்த உடனே படகு ஒரு ஆட்டம் ஆடியது, பாய் இரண்டு முறை படபடத்தது, நினைவிருக்கிறதா? அது அலை இல்லை, காற்று மாறியதும் இல்லை. அது என் கை. சுற்றுவதற்காகச் சுக்கானைத் தள்ளினேன். பாதி தள்ளினேன். அப்போது முடிவுக் கோடு தெரிந்தது. கரையில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது, அது அப்பாவின் வேட்டி. சுக்கானை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சென்ட்ரலில் நீ கேட்டபோது "எத?" என்றது முதல் பொய். அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்கவில்லை, ரயில் நேரம் காட்டும் இண்டிகேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீ வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாய், என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. அவர்களில் ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, "நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு. உனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தப் பொண்ணு உங்கிட்ட சொல்லலைதானே?" என்று கேட்டார். பதிலை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். உன் பேச்சு அங்கே எடுபடாது, என் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தே "இல்லை சார்" என்றேன். ஒன்பது வருஷம் உங்கம்மா கை சோற்றைச் சாப்பிட்டவள்.

நான் செய்தது பொய் மட்டும் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, உன் வாயிலிருந்து வார்த்தையையே பிடுங்கிக்கொண்டேன் என்று. நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன், மோனி. உன்னையே நீ சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாய் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அழுகையாக வருகிறது. அழ எனக்கு என்ன யோக்கியதை?

போன சனிக்கிழமை வீரராகவன் சாரிடம் போய்ச் சொன்னேன். படகுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே போட்டார். பிறகு, "இன்னாம்மா ஜோதி... அந்தப் பொண்ணு தடை முடிஞ்சப்புறம் கிளப் கேட்டாண்ட வந்து நின்னுக்கினு இருந்துச்சே. மூணு ஞாயித்துக்கெழம வந்துச்சு. 'நம்பிக்க போயிடுச்சும்மா, போயிடு'ன்னு நான்தானே அனுப்பிச்சேன்" என்றார். நீ மூன்று ஞாயிறு வந்தாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

உனக்கு எழுதியதையே கமிட்டிக்கும் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். பட்டியலிலிருந்து என் பெயரை சார் எடுத்துவிட்டார். ஆபீசில் விசாரணை வரலாம் என்கிறார்கள், வரட்டும். அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

மே மாதம் எனக்குப் படகு இல்லை. உன்னிடம் கேட்க எனக்கு இனி எதுவும் இல்லை. இது அழைப்புக் கடிதம் இல்லை, பதில் கடிதம். நீ கேட்டாய், நான் சொல்லிவிட்டேன்.

ஜோதிலட்சுமி

---

கும்மிடிப்பூண்டி
14 ஏப்ரல் 2025

அடியே ஜோதி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. அது வந்த அன்றைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் பிரித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மிச்சத்தைப் படிக்கவில்லை, அந்த ஒரு வார்த்தையே போதும் போல் இருந்தது. ஓபுளாபுரம் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் செல்வி அக்கா, "இன்னா எழுத்தம்மா, லவ் லெட்டரா?" என்றாள். "ஆமாங்க்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தைப் படித்தேன். அந்த ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது, ஜோதி. என் முட்டி மடங்கியது! படகு சுற்றப் போகிறது என்று என் கால் முட்டி தானே மடங்கி உள்ளே வரத் தயாரானது. அப்புறம் படகு நேரானது, நானும் காலை நீட்டிவிட்டேன். சொல்லாமல் முட்டி மடங்குமா? இத்தனை வருஷம் அலைதான் என்று நினைத்திருந்தேனே, மக்கு. என் முட்டிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அம்மாவுக்கு முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். உனக்குத் தெரியுமே கன்னியம்மாவை. படித்து முடித்ததும், "அந்த 'நல்ல குடும்பம்' சொன்ன ஆளு உசுரோட கீறானா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். "இருந்தா நல்லா இருக்கட்டும், நான் வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அவள் சொல்லாததையெல்லாம் பாத்திரம் சொல்லியது.

உன்னை மன்னித்துவிட்டேனா? இல்லை. கையெழுத்துப் போட்டுக் கேட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிற விஷயமா அது? அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உன் பாயின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். நல்லாத்தான் ஓட்டினாய், பாவி. இந்தக் கோபம் கொஞ்ச நாள் இருக்கும். இருக்கட்டும். அதோடு பழகிவிட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. போன புதன்கிழமை லைனில், "பிரஸ்ஸ நிறுத்துங்க, மோல்டுல வெட்டு!" என்று கத்தினேன். நிறுத்தினார்கள். நான் ரெண்டாவது தடவை கேட்கவில்லை, சீட்டும் ஒட்டவில்லை. மதியம் சாப்பிடும்போதுதான் எனக்கே தெரிந்தது, ஒட்டவில்லை என்று. டப்பாவை மூடிவிட்டு அழுதேன். கருவாட்டுக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று வீரராகவன் சார் வீட்டுக்கு வந்தார். அந்த வயதில் லோக்கலில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். அம்மா உட்காரச் சொல்லவில்லை. காபி மட்டும் போட்டுக் கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே குடித்தார், நின்றுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். "கமிட்டியில எழுதிக் குடுத்துட்டாங்கம்மா, உன் பேர்ல இருந்த குத்தத்த எடுத்துட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "ஆகஸ்ட்ல கிளப் போட்டி ஒண்ணு கீது, யார் வேணா கலந்துக்கலாம். வரியா?"

ஆசியா இல்லை, மெடல் இல்லை, சும்மா ஒரு கிளப் போட்டி. யோசித்தேன். எனக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் லீவு, அதில் துணி துவைக்க வேண்டும். பழவேற்காட்டில் மூன்று எண்ணினேனே, அதை நினைத்துக்கொண்டேன். வருகிறேன் சார் என்றேன்.

"துணைக்கு யாரு?" என்று கேட்டார்.

நீதான். பல்லை இளிக்காதே, முழுக்கப் படி. சுக்கானை நான் பிடிப்பேன். இத்தனை வருஷம் வெளியே தொங்கியாகிவிட்டது, இனிமேல் படகுக்குள் உட்கார்ந்து பார்க்கிறேன். கம்பியில் நீ தொங்கு. என் இடுப்புப் பட்டை உன் வீட்டுப் பரணில்தானே இருக்கிறது, இடுப்பு ஏறுதா பார். ஏறவில்லையென்றால் புளிசாதத்தைக் குறை. வருகிற ஞாயிறு காலை சென்ட்ரலுக்கு வந்துவிடு, நாஷ்டா நீதான் வாங்கித் தர வேண்டும்.

அப்புறம் தண்ணீரில் ஏதாவது பட்டதென்றால் சொல்லு. மெதுவாச் சொன்னாலும் பரவாயில்லை. எனக்குக் கேட்கும்.

மோனி